மிருதுளாவுக்கு வேண்டியது

லேக் கார்டன்ஸில் எங்கள் கீழ்வீட்டு மிருதுளா, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கிறவள். வகுப்புக்கு ஒரு வினைச்சொல். கூட இருப்பது அப்பா பத்மநாபன் மட்டும். பாங்க் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். மனைவி போன பிறகு தனியாக இருக்க அவருக்குப் பயம். ஆள் வைத்தால் மறுநாளே விரட்டிவிடுவார். மனுஷர் குத்துக்கல் மாதிரி இருக்கிறார், மூன்று வேளையும் சாப்பிடுகிறார். இதை நான் சொன்னால் பொல்லாதவள்.

பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடம் அவளுக்கு நிரந்தர வேலை கொடுத்திருந்தது. வருவதாக அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அப்பாவிடம் அவள் இன்னும் வாயே திறக்கவில்லை. "நீங்க பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும், ஷியாமளா மாமி" என்று என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

அன்றைய சொல் 'வான்ட்'. "மனசுல இருக்கிறதை அப்படியே சொல்ற வார்த்தை இது. பெரியவங்ககிட்ட, கடையில எல்லாம் 'ஐ வுட் லைக்'னு மெதுவாக் கேளுங்க. ஆனா உங்களுக்கு என்ன வேணும்னு உங்களுக்கே தெரியணும் இல்லையா, அதுக்கு 'ஐ வான்ட்'தான்" என்றாள். ஒருத்தனுக்கு பைக் வேண்டுமாம், ஒருத்திக்குக் கனடா. இன்னொருத்திக்கு இப்போது கல்யாணம் வேண்டாமாம்; கூசாமல் சொன்னாள். எல்லாருக்கும் மிருதுளா 'வெரி குட்' சொன்னாள். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள் தன் வீட்டில் சொல்லவில்லையே என்றிருந்தது எனக்கு.

வகுப்பு முடிந்ததும் நேராகக் கூடத்துக்கு வந்தாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்குப் பெங்களூர் போகணும்பா."

அப்பாடா, சொல்லிவிட்டாள் என்று சமையலறை வாசலில் நின்றிருந்த எனக்கு மூச்சு வந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். காலமெல்லாம் குமாஸ்தாக்களுக்கு லீவ் கொடுத்தே பழகிய மனுஷர். கோபமே இல்லை.

"தாராளமாப் போயிட்டு வாயேன். நீயும்தான் எங்கே போறே? எத்தனை நாள் வேணும்?"

வேலை என்று சொல்லித் தொலையேண்டி என்று நான் ஜாடை காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. அவர் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு நாள்பா."

"நாலு நாளா எடுத்துக்கோ" என்றார் அவர், பெரிய மனசு பண்ணி. "நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."