வலப்பக்கம் போன ஸ்டீயரிங்

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் எனக்கு வேலை. பெயிண்ட் அடித்து வரும் கார்களை விளக்குக்கடியில் நிறுத்தி, எங்காவது தூசி ஒட்டியிருக்கிறதா, பெயிண்ட் வழிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அடுத்தவர் வேலையில் குறை சொல்லிச் சொல்லி, நாமே ஒரு கார் செய்தால் என்ன என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆன்லைனில் ஒரு மாடல் கிட் வாங்கினேன். நீண்ட மூக்கும் இரண்டே கதவுகளும் கொண்ட பழைய அமெரிக்க மசில் கார். செய்து முடித்தால் ஒரு சாண் நீளம் இருக்கும்.

பெட்டியைப் பிரித்ததும் என் மனைவி எட்டிப் பார்த்தாள். உள்ளே கார் இல்லை. பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்துக் கொத்தாகத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

“இன்னாபா, காருன்னு சொன்ன? முருங்கக்கீர மாரி ஆயணும் போல கீது!”

அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நிற்பவள். பொடிப்பொடி ஸ்க்ரூவையெல்லாம் அநாயாசமாகப் பிடிப்பாள். நான் முதல் நாளே பக்கவாட்டுக் கண்ணாடியைக் காருக்குப் பதிலாக என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டேன். வெந்நீரில் விரலை ஊறவைத்து அவள்தான் பிரித்தெடுத்தாள். “ஒனக்குப் பொருத்தமாத்தான் கீது, வுட்டுடலாமா?” என்று வேறு கேட்டாள்.

பெட்டியில் இருந்தபடியே செய்தால் அதில் நம் கைவண்ணம் என்ன இருக்கிறது? பானெட்டில் ஓட்டை போட்டு இன்ஜின் வெளியே தெரியும்படி வைத்தேன். பின் சக்கரங்களை உயர்த்தினேன். முக்கியமாக, இடப்பக்கம் இருந்த ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றத் தீர்மானித்தேன்.

“யாரு ஓட்டப் போறா இத?”

“நம்மூரு ரோட்டுல ஓடுற மாரி இருக்கணும்ல.”

டேஷ்போர்டை அறுத்து, திருப்பி, ஒட்டி, தேய்த்து முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. எங்கே வெட்டினேன் என்று எனக்கே தெரியாத அளவுக்கு நன்றாக வந்தது. அவளும் கையில் வாங்கி இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் வைத்துக் கத்தரிப்பூ நிறத்தில் பெயிண்ட் அடித்தேன். மண்ணூரில் எங்கள் தெருவுக்கு அடுத்தே லாரி போகும் சாலை, எப்போதும் தூசி. காற்று அடங்கும்வரை காத்திருந்துதான் அடித்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு பூச்சி வந்து காரின் ஈரக் கூரைமேல் உட்கார்ந்து, அங்கேயே தங்கிவிட்டது. அவள் செல்போன் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தாள். கம்பெனியில் நான் பேசுகிற தோரணையிலேயே சொன்னாள்: “சார், ரூஃப்ல டிஃபெக்ட். ரிஜெக்ட் பண்ணிடலாமா?”

மறுபடி தேய்த்து, மறுபடி அடித்து, இந்த முறை காய்வதற்குச் சோறு வடிக்கும் குண்டானைக் கவிழ்த்து மூடினேன். அன்று மதியம் எங்களுக்குக் கடைப் பரோட்டாதான்.

எல்லாம் முடிந்து, மேல்பாகத்தை அடித்தளத்தோடு நிரந்தரமாக ஒட்டி, டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். கம்பெனி பஸ்ஸில் கூட வருகிறவர்களுக்கெல்லாம் போட்டோ அனுப்பினேன். அவள் அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப்பிடித்து, கார் சன்னல் வழியாக வெகுநேரம் உள்ளே பார்த்தாள்.

“ஏன்பா, பிரேக்கு எங்க?”

வாங்கிப் பார்த்தேன். ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தது. பெடல்கள் தரையோடு சேர்ந்தே வார்க்கப்பட்டவை. அவை இடப்பக்கமே இருந்தன. நான் அவற்றை நினைக்கவே இல்லை. நாள் முழுக்க டிஃபெக்ட் தேடுகிற கண் இது.

“இப்ப பிரிச்சா ஒடஞ்சிடும்மா,” என்றேன் பரிதாபமாக.

“எதுக்குப் பிரிக்கணும்? ஸ்டீயரிங்கு ஒன்னாண்ட, பிரேக்கு என்னாண்ட. நம்ம வூட்ல அப்டித்தான ஓடுது?”

சிரிப்பை அடக்க முடியாமல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனாள். நான் சன்னல் வழியாக அந்தக் குட்டிப் பெடல்களை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிக்கத் தோன்றவில்லை.