பேச்சியம்மா சொல்லாமல் விட்டது

கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்ட்டில் பேச்சியம்மாவுக்குக் கூட்டிக் கழுவுவது வேலை. சம்பளமும் அதற்குத்தான். ஆனால் தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளி வந்துவிட்டால் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு டொக்டருக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். பன்னிரண்டு வயதில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வீட்டு வேலைக்கு வந்தவள், சிங்களத்தைக் கடை கடையாகப் போய்ப் பழகியவள். நோயாளி சொல்வதை டொக்டருக்குச் சொல்ல ஓர் ஆளை வைக்க அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் யாருக்கும் தோன்றவில்லை. பேச்சியம்மா இருக்கிறாளே என்று விட்டுவிட்டார்கள்.

ஒருத்தி பத்து நிமிஷம் புலம்பினால் அவள் நாலு சொல்லில் முடிப்பாள். "இவ்வளவுதானா அக்கே?" என்று டொக்டர் சிங்களத்தில் கேட்பார். "மிச்சமெல்லாம் மாமியார் கதை டொக்டர்" என்பாள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பது அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒரு மத்தியானம் சீனியம்மா என்ற பிள்ளையைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். பாமன்கடையில் வீட்டு வேலைக்கு நின்றவள், வயது இருபத்திரண்டு. உடம்பு அனலாகக் கொதித்தது. இரத்தம் நிற்கவில்லை.

"கரு தானாகக் கலைந்ததா, யாராவது ஏதாவது செய்தார்களா என்று கேள்" என்றார் டொக்டர். "உள்ளே எதையாவது விட்டிருந்தால் கர்ப்பப்பை ஓட்டையாகியிருக்கும், குடலிலும் பட்டிருக்கலாம். அப்படியென்றால் இப்போதே வயிற்றைத் திறக்க வேண்டும். ஒளிக்க வேண்டாம் என்று சொல்லு."

பேச்சியம்மா கேட்டாள். பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

"ஒரு பொம்பள கம்பி விட்டா அக்கா. நாலு நாளாச்சு. டாக்டருகிட்ட சொல்லிறாதீங்க. எங்கிட்ட ஐசியும் இல்ல, பொலிஸ்ல பதியவும் இல்ல."

கருவைக் கலைப்பது சட்டப்படி குற்றம். நோய்க்குறிப்பில் அது ஏறினால் ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரன் கட்டிலுக்கே வருவான். வந்தவன் முதலில் வயிற்றைப் பற்றியா கேட்பான்? அடையாள அட்டையைத்தான் கேட்பான். யுத்த காலத்தில், பதிவில்லாமல் கொழும்பில் இருந்த தமிழ்ப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று பேச்சியம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளுடைய தங்கை மகள் பதினொரு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்து, ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை.

பேச்சியம்மா பொலிசுக்குப் பயந்தாளே தவிர, பிள்ளையின் வயிற்றுக்குள் இருந்ததற்குப் பயப்படவில்லை.

"குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம் டொக்டர். வேறொன்றும் இல்லையாம்."

"நிச்சயமா அக்கே?"

"நிச்சயம்."

டொக்டர் அவளை நம்பினார். எத்தனையோ வருஷமாக நம்பியவர்தானே. சேலைனும் ஊசி மருந்தும் ஏற்றச் சொல்லி, கர்ப்பப்பையை மறுநாள் காலையில் சுத்தம் செய்யலாம் என்று எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பேச்சியம்மா வந்து பார்த்தபோது பிள்ளையின் வயிறு ஊதி, பலகையாக இறுகியிருந்தது. ஓடிப்போய்க் கம்பி விட்டதைச் சொன்னாள். டொக்டர் ஏசவில்லை, ஏசுவதற்கு அவருக்கு நேரம் இருக்கவில்லை. வயிற்றைத் திறந்தார்கள், கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதற்குள் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் சீனியம்மா செத்துப்போனாள்.

பேச்சியம்மாவுக்கு அழுகை வரவில்லை. கட்டிலைக் கழுவினாள். தரையைக் கழுவினாள். கழுவிய இடத்தையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தபோது நேர்ஸ் வந்து வாளியை வாங்கி வைத்தாள். மத்தியானம் எல்லாரையும் போலச் சோறு சாப்பிட்டாள்.

தாய் பழனியம்மா தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. வழியெல்லாம் செக்பொயின்ட். டொக்டர் அவளை உட்காரவைத்துவிட்டுப் பேச்சியம்மாவைக் கூப்பிட்டார். வேறு யாரைக் கூப்பிடுவார்?

"கம்பி விட்டதை வந்த அன்றே எங்களுக்குச் சொல்லியிருந்தால், பெரும்பாலும் காப்பாற்றியிருப்போம் என்று சொல்லு. தாய்க்கு அது தெரிய வேண்டும்."

பேச்சியம்மா ஒரு சொல்லையும் விடாமல் சொன்னாள். தன் குரல் வேறு யாருடையதோ போல அவளுக்குக் கேட்டது.

பழனியம்மா வாயை மூடியிருந்த சேலைத் தலைப்பை எடுத்தாள்.

"அவளுக்குச் சிங்களம் வராதேம்மா. யாரும் தமிழ்ல கேக்கலியா?"

"கேட்டாங்க" என்றாள் பேச்சியம்மா. "நான்தான் கேட்டேன். அவ எல்லாத்தையும் எங்கிட்ட சொன்னா."