களைப்பும் பசியும்

மஞ்சள் கரை போட்ட சின்னக் கைக்குட்டை ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. பால் குடிக்கும்போது என் மகளின் நெற்றியில் துளிர்க்கும் வேர்வையை அதைக்கொண்டுதான் ஒற்றி எடுப்பேன். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் பனி மூடி, எங்களுக்கெல்லாம் பல் கிட்டிப்போகும் குளிரில் அவளுக்கு மட்டும் வேர்க்கும்.

கொழுந்து பறிக்கும் தாய்மார் கைக்குழந்தைகளைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, இடையில் பாலூட்ட ஓடிவருவோம். மற்றப் பிள்ளைகள் தாயை லேசில் விடமாட்டார்கள். பிந்தி மலைக்குத் திரும்பினால் கங்காணி ஏசுவார். என் மகளோ நாலு வாய் உறிஞ்சியதும் தூங்கிவிடுவாள். நான் கொடுத்துவைத்தவள் என்றார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயம்மாவும் அப்படித்தான் சொன்னார். எடை மட்டும் ஏறவே இல்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர்தான் விளக்கினார். இதயத்தில் ஓட்டை, பால் இழுப்பதே அவளுக்கு மலையேறுகிற வேலை, வயிறு நிறைந்து அல்ல, ஓய்ந்துபோய்த்தான் தூங்குகிறாள். எடை ஏறினால்தான் ஆபரேஷனைத் தாங்குவாளாம். மூக்கு வழியாகக் குழாய் போட்டு, பீய்ச்சிய பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார்கள். குழாயைக் கண்டு மற்றத் தாய்மார் பயந்தார்கள். வேலையை விட்டுவிடலாமா என்று நின்றேன். ஆயம்மா என்னோடு பதுளைக்கு வந்து, நர்ஸிடம் குழாயில் பால் விடப் பழகிக்கொண்டார். பிள்ளைதான் தூங்குகிறதே, விடுங்களேன் என்று யாராவது சொன்னால் அவருக்கு ஒரே பதில்தான்: "களைச்சுப் போச்சு, பசி போகல."

ஆபரேஷன் முடிந்து குழாயை எடுத்த பிறகு வேறு சோதனை. வாயால் சாப்பிட்டுப் பழகாதவள், கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். ஒத்த வயதுப் பிள்ளைகள் ஓடித்திரிய, இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆயம்மா வற்புறுத்தவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பிள்ளைகள் நடுவே உட்காரவைத்து, முன்னால் கொஞ்சம் பருப்புச்சோறு வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். பல மாதம் அதைப் பிசைந்து விளையாடினாள். பிறகு ஒருநாள் விரலைச் சூப்பினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதியில் அவள் சோர்ந்தாலும் ஆயம்மாவிடம் அதே வார்த்தைதான், அதே பொறுமைதான்.

ஆயம்மா ஓய்வு பெற்று, அப்புத்தளையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு கோப்பைச் சோற்றுக்கு இன்னும் ஒரு மணி நேரம் எடுக்கிறாள். சில நாள் எனக்கு அலுத்துப்போகிறது. நேற்று மலையிலிருந்து வந்து அவள் முன்னால் உட்கார்ந்தவள், என் சோற்றைத் தொடாமலே சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டேன். அம்மா தூங்கட்டும், கோப்பையை மூடி வை என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது அரைகுறையாகக் காதில் விழுந்தது. பிறகு நெற்றியில் கைக்குட்டை பட்டது.

"களைச்சுப் போச்சு, பசி போகல," என்றாள் மகள். "எந்திரிங்கம்மா. கொஞ்சம் கொஞ்சமாத் தின்னலாம்."