வாசல்வரை எண்ணியவள்

தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் ஜமாலின் மகள் அஸ்ரின், குர்லாவில் ஒரு சின்ன கம்பெனியில் ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறாள். பட்டறைகளுக்கான ஸ்டாக் மென்பொருள். டெமோ ஒப்பேறினால் வேலை நிரந்தரம், சொதப்பினால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். மேலாளர் அஷ்வத் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கென்ன.

எழுதியது அழகாகத்தான் இருந்தது. ‘சரக்கு’ என்று ஒரு டைப் கிளாஸ், எல்லாச் சரக்குக்கும் பொதுவான அச்சு. அதில் ‘அளவு’ என்று ஒரு டைப்புக்கு, அதாவது அளக்கும் வகைக்கு, இடம் மட்டும் விட்டிருந்தாள். அது எந்த டைப் என்பதை அந்தந்தச் சரக்குக்கென்று தனியாக எழுதும் இன்ஸ்டன்ஸ் சொல்ல வேண்டும். லைனிங் துணிக்கு மீட்டர், பக்கிளுக்கு எண்ணிக்கை. தோலுக்கும் கை தானாக எண்ணிக்கை என்றே போட்டது. நிரலில் தப்புப் பார்க்கும் கம்பைலர் முனகக்கூட இல்லை.

டெமோவில், மென்பொருளை வாங்க வந்திருந்த, தாராவியிலேயே பை தயாரிக்கும் ஜெயினுலாப்தீன் ஒரு தோலில் மூன்று சதுர அடி வெட்டியதாகப் பதியச் சொன்னார். மீதி ‘1’ என்றது திரை.

“ஒண்ணுன்னா? முழுத் தோலா, பர்ஸுக்கு ஆவுற துண்டா?” என்றார். “நீ ஜமால் மவதானம்மா?”

அந்தக் கேள்விதான் சுருக்கென்று தைத்தது. சின்ன வயதில் டெம்போ வந்தால் வாசலில் நின்று தோல்களை எண்ணுவது அவள் வேலை. அளப்பதும் வெட்டுவதும் உள்ளே. ஆண்கள் வேலை செய்கிற இடத்தில் பெண்பிள்ளைக்கு என்ன ஜோலி என்பார் ஜமால்.

அஷ்வத் அவரிடம் வெள்ளிக்கிழமைவரை அவகாசம் வாங்கினான். அஸ்ரின் ஒரே வரியை மாற்றினாள்: தோலின் அளவு சதுர அடி. உடனே கம்பைலருக்கு வாய் வந்துவிட்டது. தோலை எண்ணிக்கையாக நினைத்த இடமெல்லாம் சிவப்பு. ஒவ்வொன்றாய்த் திருத்தினாள். வெட்டிய துண்டு எந்த அளவுக்குக் கீழே போனால் கழிவு என்பது மட்டும் கம்பைலருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

வியாழன் மதியம் பட்டறை வாசலில் போய் நின்றாள்.

“என்னளா, ஆபீஸ் இல்லையா?” என்றார் ஜமால்.

“ஆபீஸ் வேலையாத்தான் வந்தேன் வாப்பா. உள்ள வந்து பாக்கணும்.”

“அங்கன நின்னே கேளு, சொல்லுதேன்.”

“வாசல்லயே நின்னதாலதான் வாப்பா தப்பாப் போச்சு.”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

மறுநாள் டெமோவில் ஜெயினுலாப்தீன் குறை சொல்லவில்லை, வேலையும் நிரந்தரமானது. ஆனால் அந்த வியாழன் மதியம் பட்டறைக்குள் அவள் கேட்க வந்த கேள்வியையே மறந்து நின்றாள். மேஜையில் ஒரு தோல் முழுதாக விரிந்து கிடந்தது. வாசலில் அவள் எண்ணியதெல்லாம் சுருட்டிக் கட்டியவை. ஒரு தோல் இவ்வளவு பெரிது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.