பொத்தான் வைத்த உள்பை

ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் அறையைப் பொறுத்தவரை லீவு என்றால் ஊர். வேறு அர்த்தம் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, எட்டு நாள் லீவு போட்டுச் சீனாவுக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோது, பருப்பு தாளித்துக்கொண்டிருந்த அண்ணன் கரண்டியோடு திரும்பினார்.

"சீனாவுல உனக்கு யாருடா இருக்கா?"

"யாரும் இல்லண்ணே. சும்மா சுத்திப் பாக்கப் போறேன்."

"பைத்தியம்னா சட்டையக் கிழிச்சுக்கிட்டுத்தான் அலையணும்னு இல்ல" என்று அறைக்குப் பொதுவாகச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. பரமக்குடிப் பக்கம். எங்கள் கம்பெனி ஸ்டோரில் எனக்கு மூத்தவர். இரட்டைக் கட்டிலில் அவர் கீழே, நான் மேலே.

சீனா ஆசை வந்ததற்குக் காரணம் ஒரு மெஷின். முந்தின வருஷம் அதை மாட்டிக்கொடுக்க அங்கிருந்து ஒரு டெக்னீஷியன் வந்து இரண்டு மாதம் எங்கள் அறையில் தங்கினார். அவருக்கு இருபது வார்த்தை இங்கிலீஷ் தெரியும். எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. ஒருநாள் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் தன் ஊரை வரைந்து காட்டினார். ஒரு சதுரம், நான்கு பக்கமும் சுவர், சுவரின் மேல் நடந்துபோகிற ஒரு குட்டி மனிதன். அந்த மனிதனையும் என்னையும் மாறி மாறித் தொட்டு "கம்" என்றார். அவ்வளவுதான் அழைப்பு. அவர் வாய்ப்பேச்சுக்குச் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பிடித்தால் விடாத ஜாதி. கல்யாணமும் ஆகவில்லை, ஏன் போகிறாய் என்று கேட்க ஆளில்லை. கடிதம் எழுதினேன். அவர் வேறு நாட்டில் மெஷின் மாட்டப் போகிறாராம். ஆனாலும் விசாவுக்குக் காகிதம் அனுப்பி, அந்த ஊரில் பயணிகளுக்கு இரண்டு அறை வாடகைக்கு விடும் தன் அக்காவுக்கு ஒரு சீட்டும் எழுதிக்கொடுத்திருந்தார்.

முதுகுப்பையை துபாய் சத்வாவில் ஒரு தையல்காரரிடம் தார்ப்பாய்த் துணியில் தைக்கக் கொடுத்தேன். கீழக்கரைக்காரர். ஆயுளெல்லாம் பேண்ட் சட்டை தைத்த கை. பையிலும் காலர் மாதிரி ஒரு மூடி வந்துவிட்டது.

"உள்ளுக்குள்ள பாஸ்போர்ட்டுக்கு ஒரு பை வச்சு, பொத்தானும் போட்டுத் தர்றேன்" என்றார்.

"நம்ம பாஸ்போர்ட்டு ஆபீஸ் இரும்புப் பெட்டியிலல்ல இருக்கு பாய்?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். பை பையா இருக்கும்."

ஐந்து வருஷத்தில் ஒருமுறைதான் ஊருக்குப் போயிருந்தேன். அப்போதும் பாஸ்போர்ட்டை ஏர்போர்ட் வாசலில் கொடுத்து, திரும்பிய அன்றே வாங்கிக்கொண்டார்கள். இந்த வேலைகளைப் பார்க்கும் ஆபீஸ் ஆளை நாங்கள் பி.ஆர்.ஓ. என்போம். சீனா என்றதும் அவர் முகம் சுருங்கியது. ஊருக்குப் போகிறவன் திரும்பி வருவான், சீனாவுக்குப் போகிறவனை எப்படி நம்புவது? ஸ்டோரில் இருந்து ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நான் வந்து என் பாஸ்போர்ட்டை வைக்கும்வரை ஜாமீன் போட்டவருடையது பெட்டியை விட்டு வெளியே வராது.

அண்ணன்தான் போட்டார். நான் திரும்பிவரும் நாளுக்கு மறுநாள் அவருக்கு ஊருக்கு டிக்கெட். அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணம். வேண்டாம் என்று நானே சொன்னேன்.

"போடா. ரூம்ல ஒருத்தனாவது எதையாவது பாத்துட்டு வந்து சொல்லுங்கடா" என்றார். பேனாவை மூடிய பிறகு மெல்ல, "தேதிக்கு வந்துருவேல்ல?" என்றார்.

பீஜிங்கில் இறங்கி ரயில் பிடித்து அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். அட்டையில் வரைந்தது பொய்யில்லை. நிஜமாகவே நான்கு பக்கமும் சுவர். சுவருக்குள் சாம்பல் நிறச் செங்கல் வீடுகள், சைக்கிள்கள், காற்றெல்லாம் கரிப்புகை. அக்காவுக்கு என் வயதுதான் இருக்கும். தம்பியின் சீட்டைப் படித்துச் சிரித்தாள். பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கி, தடித்த நோட்டில் பார்த்து எழுதிவிட்டு, என்னிடமே நீட்டினாள்.

நான் வாங்கவில்லை. அவள் பக்கமே தள்ளினேன். அவள் என் பக்கம் தள்ளினாள். "யூ கீப், யூ கீப்" என்றேன். படுக்கை கொடுக்கிறவர்தான் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வார் என்பது எனக்கு ரத்தத்திலேயே ஊறிப்போயிருந்தது. என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, தோளைக் குலுக்கி, மேஜை டிராயரில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த மூன்று நாளும் நடந்தேன். சுவரின் மேல் ஒரு வண்டியே போகலாம், அவ்வளவு அகலம். ஒரு பக்கம் சோள வயல், ஒரு பக்கம் ஓட்டுக்கூரைகளும் காயப்போட்ட துணிகளும். முழுச் சுற்றுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். எனக்கு நான்கு ஆனது. யாரும் "யல்லா, யல்லா" என்று விரட்டவில்லை. பசித்தால் கீழே இறங்கி நூடுல்ஸ். அதில் அவர்கள் ஊற்றும் காடியின் புளிப்புக்கு முன்னால் நம் புளிக்குழம்பு பிச்சை வாங்க வேண்டும். மூன்றாவது நாள் நானே கேட்டு ஊற்றிக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தேன். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

நான்காம் நாள் காலை பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஸ்டேஷனில் டிக்கெட்டை எடுக்க உள்பையைத் திறந்தால் டிக்கெட் மட்டும் இருந்தது. பாஸ்போர்ட் டிராயரில். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது.

ரயிலுக்கு முக்கால் மணி நேரம். இதை விட்டால் பீஜிங்கில் விமானம் போய்விடும். விமானம் போனால் அண்ணன் மகள் கல்யாணத்தில் அப்பா இருக்கமாட்டார். ஓடினேன். முதுகில் பை குதித்துக் குதித்து அடித்தது. கோட்டை வாசலுக்குள் நுழையும்போது எதிரே சைக்கிளில் அக்கா, மாவு படிந்த கையோடு.

இறங்கினாள். திட்ட ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை, எல்லாம் புரிந்தது. கைக்குட்டையில் சுற்றியிருந்த பாஸ்போர்ட்டை என் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மூடிய கையின் மேல் ஓங்கி ஒரு தட்டு. அதோடு விடாமல் பையைத் திறக்கச் சொல்லி, உள்ளே வைத்துப் பொத்தான் போடும்வரை நின்று பார்த்தாள். ரயிலில் ஏறியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தேதிக்கு வந்துவிட்டேன். காலையில் அண்ணனும் நானும் ஆபீஸுக்குப் போனோம். பி.ஆர்.ஓ. கையை நீட்டினார். "அண்ணனுடையது?" என்று கேட்டேன். "புக்ரா, புக்ரா" என்றார். அவருடைய நாளை என்றைக்கு வரும் என்று எங்கள் கேம்பில் எவருக்கும் தெரியாது. அண்ணனின் விமானமோ மறுநாள் காலை.

பொதுவாக அந்த ஆபீஸ் அறையில் எனக்குக் கோபம் வராது, பயம்தான் வரும். அன்று வந்தது. பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "பஹ்லே அண்ணன் கா பாஸ்போர்ட்" என்றேன். முதலில் அவருடையது.

"டேய், வம்பு பண்ணாதடா, குடுத்துருடா" என்று அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பி.ஆர்.ஓ. என்னையே பார்த்தார். ஒரு கையெழுத்தில் என்னை ஊருக்கு ஏற்றிவிடக்கூடியவர். நானும் பொத்தான் மேல் கையை வைத்தபடி நின்றேன். என்ன நினைத்தாரோ, எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து அண்ணனுடையதை எடுத்து மேஜையில் போட்டார்.

அதை அங்கே கிடக்க விடவில்லை. எடுத்து அண்ணனின் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டேன். அதன் பிறகுதான் என்னுடையதைக் கொடுத்தேன். பெட்டிக் கதவு அதன் மேல் மூடியதில் எனக்கு இன்றுவரை வருத்தம் உண்டு.

படியிறங்கும்போது அண்ணன் திட்டத் தொடங்கினார். "கல்யாணம் நின்னுருந்தா என்னடா பண்ணிருப்ப? வேலய விட்டுத் தூக்கியிருந்தா? சீனாவுக்குப் போனவன் கொழுப்பெடுத்துல்ல வந்திருக்கான்!" கேம்ப் வாசல்வரை திட்டிக்கொண்டே வந்தார். அவ்வளவு தூரமும், மடக்கிவிட்ட அந்தக் கையை மட்டும் அவர் திறக்கவே இல்லை.