உள்ளங்கையளவு மினி பஸ்

யூஸ்தாகியோ கயிசாயா புது மினி பஸ் வாங்கிவிட்டாராம்.

செய்தி, எங்கள் மேட்டு நிறுத்தத்தில் ஆப்பி விற்கும் பெண்மணியின் அண்டாவிலிருந்து கிளம்பியது. ஊதாச் சோளத்தைக் காய்ச்சிய அந்தச் சூடான பானத்துக்கு அவள் காசு வாங்குவாள். செய்தியை இலவசமாக ஊற்றுவாள். “அவரோட சம்சாரம் நியேவெஸ் அக்காதான் வாங்கினா. என் கண்ணால பாத்தேன். வெள்ளை வண்டி, பக்கத்துல சிவப்புக் கோடு” என்றாள். நிறம் சொல்லப்பட்ட வதந்தியை லா பாஸில் யாரும் சந்தேகிப்பதில்லை. அன்று காலைக்குள் அது மேட்டிலிருந்து இறங்கி, அடிவாரச் சந்தையைச் சுற்றி, மறுபடி ஏறி வந்துவிட்டது. யூஸ்தாகியோவின் பஸ்ஸுக்கு அந்தத் தெம்பு என்றைக்கும் இருந்ததில்லை.

இந்த மலை நகரத்தின் உயரத்தில் மனிதர்களுக்கே காற்று அளந்துதான் கிடைக்கிறது. அவருடைய பழைய அமெரிக்க பஸ் ஏற்றத்தில் இருமும், நிற்கும், யோசிக்கும். தலைக்கு மேல் கேபிள் காரில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் அது யோசிப்பதையும் நிறுத்திவிட்டது. எஞ்சின் போயிற்று.

ஓட்டுநர் சங்கத்தின் விதி எளிமையானது. கார்னிவல் திருவிழாவுக்குள் வண்டி தன் முறைக்கு வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் லைனில் அவருடைய இடம் வேறொருவருக்கு. இடம் போனால் பழைய பஸ் இருந்தும் பயனில்லை, புது பஸ் வந்தும் பயனில்லை. எஞ்சினை மட்டும் மாற்றினால் போதும் என்பது யூஸ்தாகியோவின் கட்சி. பழையதைத் தலைமுழுகிவிட்டு பேங்கில் கடன் வாங்கி மினி பஸ் எடுக்க வேண்டும் என்பது நியேவெஸின் கட்சி. அவர் ஓட்டுகிறார், அவள் டிக்கெட் காசு வாங்குகிறாள். ஆகையால் இரண்டு கட்சிக்கும் சம பலம்.

பத்திரிகைத் தொழில் பழக்கம், வதந்தியைச் சரிபார்க்க வீட்டுக்கே போனேன். முற்றத்தில் பழைய பஸ், வாயைத் திறந்துகொண்டு நின்றது. புதியதைக் காணோம்.

“வண்டி எங்கக்கா?”

“உள்ள வாங்க, காட்டறேன்” என்றாள் நியேவெஸ்.

வண்டியைப் பார்க்க வீட்டுக்குள் கூப்பிட்டபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அலமாரியில் எகேக்கோ நின்றார். செழிப்புக்கு அதிபதியான தெய்வம், குண்டு மனிதப் பொம்மையாக. வாயில் சிகரெட், உடம்பு முழுக்கக் குட்டி அரிசி மூட்டைகள், குட்டி நோட்டுக் கட்டுகள். அவர் காலடியில் வெள்ளை மினி பஸ், சிவப்புக் கோட்டோடு, உள்ளங்கையளவில். தகரத்தில் செய்தது. கூரையில் பூவிதழ் ஒட்டியிருந்தது.

முந்தின நாள் ஜனவரி இருபத்து நான்கு, நண்பகல், அலசித்தாஸ் என்னும் குட்டிப் பொம்மைச் சந்தை. அந்த வருஷத்துக்கு எது வேண்டுமோ அதைச் சின்னதாக வாங்கித் தூபம் காட்டினால், பெரியது பின்னால் வரும். ஆப்பிக்காரி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அளவைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

“மணி பன்னெண்டு அடிக்கும்போதே தூபம் காட்டியாச்சு. இனிமே வர வேண்டியதுதான் பாக்கி” என்றாள் நியேவெஸ்.

மினி பஸ்ஸுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு தகர எஞ்சினும் இருந்தது. அது யூஸ்தாகியோ வாங்கியது. அதே நாள், அதே நண்பகல், சந்தையின் மறு கோடியில், மனைவிக்குத் தெரியாமல். ஒரே வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு விண்ணப்பங்கள். எகேக்கோ சிகரெட் பிடிப்பதன் காரணம் அன்றுதான் புரிந்தது.

“தனக்குத் தானே வாங்கிக்கிட்டது பலிக்காதுய்யா. அடுத்தவங்க வாங்கிக் குடுத்தாத்தான் பலிக்கும். நான் உனக்கு வாங்கினது, அதனால பலிக்கும்” என்றாள் நியேவெஸ், மூலையில் உட்கார்ந்திருந்த கணவரிடம்.

“நீ எனக்கு அடுத்தவளாடீ?”

“எஞ்சின் போன அன்னிக்கு நீ பேசின பேச்சுக்கு, அடுத்தவதான்.”

இந்த இடத்தில் யூஸ்தாகியோவின் போன் அடித்தது. பேசியவர் சொன்னது எனக்கே கேட்டது. மெக்கானிக் சாத்தூர்னீனோ அவருக்கென்று வாக்குக் கொடுத்து ஒதுக்கி வைத்திருந்த பழைய ஜப்பான் டீசல் எஞ்சினை, அதே லைனில் ஓடும் ஹிலாரியோன் போமா கயிறு கட்டி ஏற்றிக்கொண்டிருக்கிறாராம். யூஸ்தாகியோ பட்டறைக்கு ஓடினார். நானும் ஓடினேன். நியேவெஸ் ஆதாரத்தைச் சால்வையில் முடிந்துகொண்டு பின்னால் வந்தாள்.

“மாஸ்டர்! எனக்குச் சொன்ன எஞ்சின் அது!”

சாத்தூர்னீனோ கையைத் துடைத்தபடி நிதானமாகக் கேட்டார். “நீங்கதான் புது வண்டி வாங்கிட்டீங்களாமே. புது மாப்பிள்ளைக்குப் பழைய பல்லு எதுக்கு?”

“யாரு சொன்னா? வாங்கின வண்டியப் பாருங்க!” நியேவெஸ் முடிச்சை அவிழ்த்துத் தகர பஸ்ஸை நீட்டினாள்.

மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டயரைச் சுண்டிப் பார்த்தார். தொழில் புத்தி.

“தூபம் காட்டியாச்சா?”

“ஆச்சு.”

“சரியா பன்னெண்டுக்கா?”

“மணி அடிச்சிட்டே இருந்தது.”

“அப்ப வரப்போகுது. அப்புறம் எஞ்சின் எதுக்கு உங்களுக்கு? எகேக்கோ குடுக்கறேன்னு சொன்ன பிறகு நான் குறுக்க நிக்க முடியுமா?”

ஹிலாரியோன் கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். “மாஸ்டர் சொல்றது நியாயம்தான் அண்ணே. என் வண்டி இன்னிக்கு ஓடுது, நாளைக்கு யாரு கண்டா? உங்களுக்காவது மேல ஆள் இருக்கு.”

யூஸ்தாகியோ தன் தகர எஞ்சினையும் காட்டினார். எடுபடவில்லை. தானே வாங்கியதை யார் மதிப்பார்கள்? வேண்டுதலைத் திரும்பப் பெறவும் வழியில்லை. எகேக்கோவிடம் கேட்டுவிட்டு வேண்டாம் என்பது, பந்தியில் உட்கார்ந்து இலையை மடிப்பது மாதிரி. கார்னிவல் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு எஞ்சின் துறைமுகத்திலிருந்து ஏறி வருவதற்குள் லைனில் இடம் இருக்காது.

முடிவு செய்தது நியேவெஸ்தான். கணவரைப் பார்த்தாள், எஞ்சினைப் பார்த்தாள், தகர பஸ்ஸை ஹிலாரியோனிடம் நீட்டினாள்.

“இந்தா தம்பி, வெச்சுக்க. அடுத்தவ குடுக்கறேன். பலிக்கும். எஞ்சின விடு.”

ஹிலாரியோன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தானமாக வரும் தூபம் காட்டிய வண்டியை யார் மறுப்பார்கள்? கயிற்றை அவிழ்த்தார்.

“சும்மா இல்ல” என்றாள் நியேவெஸ். “அடுத்த அலசித்தாஸ்ல இதே மாதிரி ஒண்ணு நீ எனக்கு வாங்கிக் குடுக்கணும். பன்னெண்டு மணிக்கு, தூபத்தோட.”

“கண்டிப்பாக்கா. இதவிடப் பெரிசா.”

“பெரிசு வேணாம். இதே அளவு.”

கார்னிவல் செவ்வாயன்று யூஸ்தாகியோவின் பஸ் காகிதத் தோரணமும் பீர் நுரையுமாக ஏற்றத்தில் இருமாமல் ஏறியது. சங்கத்தில் இடம் நிலைத்தது. எஞ்சின் அருமை என்று எல்லோரும் சொன்னார்கள். நியேவெஸ் மட்டும் இருக்கையில் குத்தும் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசினாள்.

ஈஸ்டருக்கு முன் ஹிலாரியோன் மினி பஸ்ஸோடு வந்தார். புவெனோஸ் ஐரஸில் தையல் வேலை செய்யும் தங்கை பணம் அனுப்பினாள் என்பது அவர் சொன்ன காரணம். வெள்ளை வண்டி. கோடு நீலம். அதைச் சுட்டிக்காட்டினேன்.

“பெயிண்ட்தானே அது” என்றாள் நியேவெஸ். “கோட்டச் சுரண்டிப் பாருங்க, அடியில என்ன இருக்குன்னு.”

நான் சுரண்டிப் பார்க்கவில்லை. சில வதந்திகளைச் சரிபார்க்காமல் விடுவது பத்திரிகைத் தொழிலுக்கு நல்லது.

அடுத்த அலசித்தாஸ் வந்தது. நண்பகலில் ஹிலாரியோன் வண்டியில் ஆட்களை அடைத்துக்கொண்டு சந்தைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவ்வளவு கூட்டம். பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது. சந்தை இன்னும் சில வாரம் இருக்கும், பொம்மை கிடைக்கும், அந்த நேரம் கிடைக்காது. நியேவெஸ் தானே ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். தனக்குத் தானே வாங்கினால் பலிக்காது.

இப்போதும் ஏற்றத்தில் ஹிலாரியோனின் மினி பஸ் இவர்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம், அவள் ஜன்னல் வழியே கையை நீட்டி வெறும் உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறாள். அவர் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்.