குடை நீளத் தூரம்

எண்பதுகளின் தொடக்கத்தில், கொடைக்கானலிலிருந்து கவுஞ்சிக்குப் போகும் பஸ்ஸில் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். கழுத்தில் மப்ளர், கையில் நீளக் குடை. என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தார். யாராவது நெருங்கினால் ஓரடி தள்ளிப் போவார்.

“உக்காருங்களேன்” என்றேன்.

“வேணாம் சார். ஒடம்புக்குள்ள கரண்டு மருந்து கெடக்கு.”

கழுத்துச் சுரப்பியில் வந்த புற்றுக்கட்டி எலும்புக்கும் பரவியிருந்ததாம். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுள்ள அயோடினைக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். கட்டி எங்கே ஒளிந்திருந்தாலும் அது தேடிப் போய் அழிக்குமாம். கொஞ்ச நாளைக்குப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியது போன வருஷம். தன் தோட்டத்தில் நடுகிற உருளை விதைக்கிழங்கைக்கூட அவர் இன்னும் தொடுவதில்லை.

“இப்ப பயமில்லன்னு டாக்டர் சொல்லலையா?”

“சொன்னாருங்க. நேத்துகூடச் சொன்னாரு. உள்ள போனப்பவே எனக்கு ஒண்ணும் தெரியல சார். வெளிய போனது மட்டும் எப்படித் தெரியும்?”

குரலில் பயமும் இல்லை, வருத்தமும் இல்லை. கிழங்கு விலை சொல்வதுபோலச் சொன்னார்.

கவுஞ்சியில் ஒரு சிறுமி காத்திருந்தாள். “தாத்தா!” என்று கூவினாள், ஆனால் ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. அவர் குடையை நீட்டினார். தினமும் செய்கிற வேலைபோல அவள் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். பூண்டுத் தோட்டத்து வரப்பில் இருவரும் அப்படியே நடந்தார்கள்.

அதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. குடையை விரிக்காமலே இருவரும் நனைந்துகொண்டு போனார்கள்.